நாற்பத்தொரு மொராடிச்சும் ஒரே ஒரு வெஷிபுராவும்

எங்கள் ஊர்த் தபால்காரி யெர்கா உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. அவள் வீட்டில் நான்கு நாற்காலிகள் உண்டு, நான்கிலும் பூந்தொட்டிகள். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பாலாடைக்கட்டி, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தபடியே சாப்பாட்டை முடித்துவிடுவாள். குழந்தையாகத் தொட்டிலில் போட்டால் தொட்டில் ஆடி ஆடி நகர்ந்து வாசலுக்கு வந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அந்தத் தொட்டிலைப் படகுத்துறையில் கண்டுபிடித்தோம் என்று நான் சேர்த்துக்கொள்வேன். பொய் என்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை.

வெலெபித் மலை கடலுக்குள் சரியப் பார்த்து, கடைசி நிமிஷத்தில் மனம் மாறி நின்றுவிட்ட இடத்தில் எங்கள் பொட்கமென் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பத்திரண்டு வீடுகள். அதில் நாற்பத்தொன்றில் இருப்பவர்கள் மொராடிச்சுகள். இவான் மொராடிச் மட்டும் ஆறு பேர். அதனால் குடும்பப் பெயர் என்பது எங்களுக்குச் சர்க்கார் காகிதத்தில் எழுதுவதற்கு மட்டும்தான். ஒருவரை ஒருவர் வீட்டுப் பட்டப்பெயரால்தான் தெரியும். அகப்பை வீடு, ஒற்றைக்காது வீடு, ஏழு ரொட்டி வீடு, பிஷப் வீடு. தெருவில் புதிதாக ஒரு முகத்தைப் பார்த்தால் "உன் பேர் என்ன?" என்று கேட்கமாட்டோம். "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்போம். "அகப்பை" என்று பதில் வந்தால் போதும், அவன் பாட்டி யாருடன் சண்டை போட்டாள் என்பது வரைக்கும் எங்களுக்கு விளங்கிவிடும்.

'இவான் மொராடிச், பொட்கமென்' என்று வரும் கடிதம் ஆறு பேரில் யாருக்கு என்று யெர்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதமா, ஒற்றைக்காது. ஆஸ்திரேலியாவா, ஏழு ரொட்டி. உறையில் வாசனை அடிக்கிறதா, அது பிஷப் வீட்டு இளையவனுக்கு. அவன் பெண்டாட்டி கண்ணில் படாமல் கொடுக்கவேண்டும்.

நாற்பத்திரண்டாவது வீடு அவளுடையது. அவள் குடும்பப் பெயர் வெஷிபுரா.

புரா என்பது மலையிலிருந்து விழும் எங்கள் காற்று. வீசுவதில்லை, விழும். எங்கள் பேச்சில் வெஷிபுரா என்றால் 'புராவைக் கட்டு' என்று அர்த்தம். அந்த வீட்டுக்குப் பட்டப்பெயர் கிடையாது, வேண்டியிருக்கவும் இல்லை. ஊரில் மட்டுமல்ல, நாட்டிலேயே இன்னொரு வெஷிபுரா கிடையாது. தபால் நிலையத்தில் எல்லா மாவட்டத்துத் தொலைபேசிப் புத்தகங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, நின்றபடியே, யெர்கா புரட்டியிருக்கிறாள். ஸாக்ரெப்பில் இல்லை. ஸ்ப்லித்தில் இல்லை. ஓசியெக்கில் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு வரி. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் அவள் வீட்டு மணிதான் அடிக்கும். அப்பா போய்விட்டார். சித்தப்பா பெர்த் நகரில் பிள்ளையில்லாமல் இறந்தார். அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது.

பெயர் தன்னோடு முடிந்துவிடுமே என்ற பயம் அவளைத் தின்றது. அதில் எனக்கும் பங்கு உண்டு. மூன்றாம் வகுப்பில், "இதெல்லாம் ஒரு பேரா?" என்று பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று கேலி செய்தபோது நான்தான் டீச்சர். பலகையைத் துடைத்துவிட்டுக் கதை சொன்னேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவள் மூதாதை ஒருவன் புராவைக் கழுதைக் கயிற்றால் கட்டிப் பிடித்தான், அது அவனை அப்படியே எதிர்த் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போனது, அவன் விடவில்லை, சாயங்காலம் அதே காற்றில் ஏறி, தோளில் ஒரு மூட்டை உப்போடு திரும்பி வந்தான். கூரை பறக்காமல் இருக்க மாமியாரை அதன்மேல் கட்டி உட்காரவைத்ததும் அவனே. வகுப்பு வாயைப் பிளந்தது. கேலி நின்றது. மற்ற பிள்ளைகள் வளர்ந்து மாமியாரை மறந்தார்கள், உப்பை மறந்தார்கள். யெர்கா 'ஐந்நூறு வருஷம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வரன்கள் வந்தன. "கட்டிக்கிறவன் என் பேரை வச்சுக்கணும்" என்றாள். இரண்டு பேரும் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது லொவ்ரே. அகப்பை வீட்டுக் கடைசிப் பையன், கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டுகிறவன். தினமும் காலையில் தபால் மூட்டையை இறக்குவது நடத்துனரின் வேலை. லொவ்ரே தானே இறங்கி, தானே தூக்கிக்கொண்டு வந்து, அவள் கையில் கொடுப்பான். அதனால் அந்த பஸ் பதினொரு வருஷமாக நான்கு நிமிஷம் தாமதம். அவள் தன் நிபந்தனையைச் சொன்னபோது அவன் காதைச் சொறிந்துகொண்டானாம்.

"எனக்கென்ன? மொராடிச்சுன்னு நூறு பேர் இருக்கான். ஒருத்தன் குறைஞ்சா யாரு எண்ணப் போறா?"

எண்ண ஒருத்தி இருந்தாள். அவன் அம்மா பெரினா.

புனித மார்ட்டின் திருநாளன்று பெரினா வீட்டில் வாத்து வறுவலும் புது ஒயினும். என்னையும் கூப்பிட்டிருந்தாள், நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். யெர்காவையும் கூட்டி வந்திருந்த லொவ்ரே விஷயத்தைச் சொன்னதும் பெரினா கத்தியை வாத்தின் முதுகிலேயே விட்டுவிட்டாள்.

"வீட்டோட மாப்பிள்ளையா போறியா? அதுவும் பேரையும் கழட்டி வச்சுட்டு? வேட்டியையும் கழட்டிக் கொடுத்துட்டு வான்னு சொன்னாளா?"

"நாங்க வேட்டி கட்டுறதில்லைம்மா," என்றான் லொவ்ரே.

அட, இதை நான்தான் சேர்த்தேன். அவள் சொன்னது கால்சட்டையை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

யெர்கா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். "அத்தை, உங்களுக்கு நாப்பத்தொரு வீடு இருக்கு. எனக்கு ஒண்ணுதான்."

"நீ மொதல்ல உட்காரு. கண்ணு சுத்துது."

"முடியல அத்தை."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. எம்மவன் எங்க போனாலும் நாலு பேரு சிரிப்பான். சிரிக்கிறவன் வாயை மூட எனக்கு ஒரு பதில் வேணும். உங்க பேரு எங்க பேரை விடப் பழசா? அந்த ஐந்நூறு வருஷக் கதை நிஜமா? சாமியார் புத்தகத்துல காட்டு. காட்டிட்டா நானே கோயில்ல முதல் வரிசையில உட்காருவேன். இல்லேன்னா நீ மொராடிச்சா எங்க வீட்டுக்கு வா, சோறு போடறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி டீச்சரு, வாத்தையே பார்த்துக்கிட்டிருக்க? கதை விட்டவ நீதானே?"

வாத்து நன்றாக வெந்திருந்தது என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதற்கு முந்தின சனிக்கிழமையை லொவ்ரே குறித்து வைத்திருந்தான். பதினேழு நாள் இருந்தது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் பக்கத்து ஊரில் சாமியார் வீட்டு அலமாரியில் இருந்தன. பழைய லத்தீன் கையெழுத்தை வாசிக்க ஆள் வேண்டும். அதற்கும் என்னை விட்டால் யாரும் இல்லை. முதல் வாரம் சாமியார் தொன் ஆம்ப்ரோஸுக்கு மூட்டுவலி. இரண்டாம் வாரம் புரா விழுந்தது. சாலையை மூடிவிட்டார்கள், லொவ்ரேயின் பஸ் மூன்று நாளாக மரத்தடியில் நின்றது. யெர்கா தன் வீட்டுக்குள் நடந்து நடந்து தரைப்பலகை ஒன்றைத் தேய்த்தே விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை என் கதவைத் தட்டினாள். தோளில் கயிறு.

"டீச்சர், கீழ்ப்பாதையா நடந்துடலாம்."

"ஏண்டி, எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது."

"பாக்கெட்டுல கல்லு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். கோட்டின் நான்கு பைகளிலும் கல். கயிற்றின் ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினாள், மறு நுனியைத் தன் இடுப்பில். ஏழு கிலோமீட்டர். காற்று கடலை உப்புத்தூளாக அள்ளி முகத்தில் அடித்தது. வளைவு ஒன்றில் என் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின. அவள் கயிற்றைச் சுண்டி இறக்கினாள். இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொன் ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்து, எங்களையும் கயிற்றையும் பார்த்தார். "ஆட்டைக் கூட்டிட்டு வர்ற மாதிரி டீச்சரைக் கூட்டிட்டு வந்திருக்கியே," என்று சிரித்தபடி குளிருக்கு ராக்கியாச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். அலமாரியைத் திறந்தார்.

நான் பின்னோக்கி வாசித்துக்கொண்டு போனேன். அவள் அப்பா, வெஷிபுரா. தாத்தா, வெஷிபுரா. அவருக்கு அப்பா ஷிமே, 1871 பிப்ரவரி, வெஷிபுரா. யெர்கா என் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். "அடுத்து? அடுத்து டீச்சர்?"

அடுத்து ஷிமேயின் அப்பா மாத்தே. 1840-ஆம் வருஷப் பக்கத்தில் அவர் ஞானஸ்நானம். பக்கத்தைக் கண்டுபிடித்தேன். வாசித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"மாத்தே மொராடிச்."

அவள் நடை நின்றது. என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் காலடிச் சத்தம் கேட்காமல் போனது.

1871 பிப்ரவரிக்குத் திரும்பினோம். அந்த மாதத்தில் கையெழுத்து மாறியிருந்தது. சமவெளியிலிருந்து புதிதாக வந்த ஒரு சாமியாராம். அந்த மாதம் பொட்கமெனில் ஐந்து ஞானஸ்நானம். அவர் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி "நீ யாரு வீடு?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் எப்போதும் சொல்வதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதையே குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார். ஐந்து பிள்ளைகள், ஐந்து குடும்பப் பெயர்: அகப்பை, ஒற்றைக்காது, ஏழு ரொட்டி, பிஷப், வெஷிபுரா. முதல் நான்கின் மேலும் பிறகு குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் 'மொராடிச்' என்று திருத்தியிருந்தது. ஐந்தாவதின் மேல் கோடு இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. நான் அதைச் சத்தமாக வாசித்தேன்.

"மற்றவர்கள் வந்து திருத்திக்கொண்டார்கள். இவனை மூன்று முறை கூப்பிட்டனுப்பினேன். காற்றடிக்கிறது, எல்லாருடைய படகையும் கட்டவேண்டும், பிறகு வருகிறேன் என்கிறான்."

பிறகு அவன் வரவேயில்லை.

தொன் ஆம்ப்ரோஸ் தாளில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். "லொவ்ரேக்கும் உனக்கும் உறவு ரொம்பத் தூரம். கல்யாணத்துக்குத் தடையில்ல," என்றார். அவரால் முடிந்த ஆறுதல் அது.

திரும்பும் வழியில் அவள் தலையைக் குனிந்தே நடந்தாள். காற்று தணிந்திருந்தாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை. பாதி வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இதோ பாரு கண்ணு. பெரினாவுக்கு லத்தீன் தெரியாது. சாமியார் வாயைத் திறக்கமாட்டார். ஆயிரத்து நானூத்தி எண்பதுன்னு நான் சொல்றேன். பழைய எழுத்துல கல்லுல வெட்டியிருந்ததுன்னு சொல்றேன். உப்பு மூட்டையையும் சேர்த்துக்கிறேன்."

அவள் சட்டென்று நின்றாள். கயிறு இறுகி நானும் நின்றேன்.

"அந்த ஐந்நூறு வருஷம்... நீங்க எங்க டீச்சர் படிச்சீங்க?"

நான் கடலைப் பார்த்தேன்.

"எங்கயும் படிக்கல. உன்னைக் கேலி பண்ணாங்க. எனக்குப் பொறுக்கல."

திரும்பி என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "முப்பது வருஷம்," என்றாள். "ரெண்டு மாப்பிள்ளையைத் துரத்தியிருக்கேன்." பிறகு நடக்கத் தொடங்கினாள், முன்னை விட வேகமாக. நான் பின்னால் ஓடினேன். இடுப்பில் கட்டியிருக்கும்போது வேறு வழி?

அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அகப்பை வீடு.

பெரினா குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். லொவ்ரே சீவிக் கொடுக்க, அவள் மரப்பீப்பாயில் உப்புத் தூவி அமுக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றோடு உள்ளே வந்த எங்களைப் பார்த்ததும் இருவர் கையும் நின்றது.

"என்னடி, யாரை யாரு பிடிச்சுக்கிட்டு வந்தீங்க?"

"அத்தை, எங்க பேரு பழசு இல்ல," என்றாள் யெர்கா. மூச்சு வாங்கியது. "நூத்தி இருபத்தேழு வருஷம்தான். அதுவும் தப்பா எழுதினது."

எல்லாவற்றையும் சொன்னாள். புதுச் சாமியார், ஐந்து பிள்ளைகள், குறுக்குக் கோடு. எதையும் மறைக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. கேட்கவே எனக்கு வலித்தது, அவ்வளவு மொட்டையாகச் சொன்னாள்.

பெரினா உப்புக் கையை ஏப்ரனில் துடைத்தாள். முகத்தில் ஜெயித்த களை வர ஆரம்பித்தது. "அப்போ..."

"இன்னும் இருக்கு அத்தை. அதே பக்கத்துல உங்க வீட்டுக்காரரோட தாத்தாவும் இருக்காரு. அவரு பேரு அகப்பைன்னு எழுதியிருக்கு. அவங்க அப்பா போய்த் திருத்திக்கிட்டாரு. போகலேன்னா இன்னிக்கு நீங்க திருமதி பெரினா அகப்பை."

லொவ்ரே தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கோஸ் சீவினான். தோள்கள் குலுங்கின.

"சிரிக்காதடா, விரலைச் சீவிக்கப் போற." பெரினா பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ ரத்தத்துல நீயும் மொராடிச்தான்."

"ஆமா."

"எம்மவன் உன் வீட்டுக்கு வந்தாலும் மொராடிச் வீட்டுக்குத்தான் வர்றான்."

"அப்படித்தான் ஆகுது."

"அப்புறம் எதுக்குடி அந்தப் பேரு? நாளைக்கே போய்த் திருத்திக்க. ரெண்டு பேரும் மொராடிச். பிரச்சினை முடிஞ்சுது."

எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. யெர்கா சமையலறையில் மூன்று அடி போனாள், மூன்று அடி வந்தாள். கயிறு அவ்வளவுதான் விட்டது.

"இல்ல அத்தை. எனக்கு அந்தப் பேரு வேணும்."

"தப்பா எழுதின பேரா?"

"தப்புதான். ஆனா மாத்தேயை மூணு தடவை கூப்பிட்டாங்க, அவரு போகல. காத்து அடிச்சுது, ஊர்ப் படகெல்லாம் கட்ட ஓடிட்டாரு. உங்க வீட்டுப் படகையும் கட்டியிருப்பாரு. அதுக்கப்புறம் அவரு மகன் போகல, பேரன் போகல, எங்கப்பா போகல. நான் மட்டும் ஏன் போகணும்?" மறுபடி கயிறு இறுகும் வரை நடந்தாள். "காட்டச் சொன்னீங்க. என்னால காட்ட முடியல. உங்க வாக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். லொவ்ரே, நீ வேணாம்னா இப்பவே சொல்லிடு."

லொவ்ரே கத்தியைக் கீழே வைத்தான். பதினொரு வருஷமாக நான்கு நிமிஷத்துக்கு மேல் அவளோடு சேர்ந்தாற்போல் பேசாதவன்.

"நான் என்னிக்காவது வருஷக் கணக்கு கேட்டேனா?" என்றான்.

பெரினா யாரையும் பார்க்காமல் மறுபடி கோஸை அமுக்க ஆரம்பித்தாள். பீப்பாயைப் பார்த்தபடியே, "அந்தக் கயித்தை அவுத்துத் தொலைங்கடி, அடுப்பைத் தட்டி விட்டுடப் போறீங்க," என்றாள். சம்மதமா இல்லையா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

குறித்த சனிக்கிழமையே கல்யாணம் நடந்தது. பெரினா கோயிலுக்கு வந்தாள். முதல் வரிசையில் உட்காரவில்லை, மூன்றாவதில் உட்கார்ந்தாள். அதற்கு முன் பதிவு அலுவலகத்தில் ஒரு சின்னக் கலவரம். வெளியூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்து, "மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டாள். லொவ்ரே பழக்க தோஷத்தில், "அகப்பை," என்றான். அந்தப் பெண்ணும் எழுத ஆரம்பித்துவிட்டாள். யெர்கா பாய்ந்து பேனாவைப் பிடுங்கினாள். 'அக' வரை எழுதிவிட்டாள் என்று நான் சொல்வேன். லொவ்ரே ஒரு எழுத்துதான் என்பான். எப்படியோ, நாட்டில் வெஷிபுராக்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

பெரினா மட்டும் அந்தப் பெயரை வாயால் சொல்லவேயில்லை. கிறிஸ்துமஸ் போனது, மூன்று ராஜாக்கள் திருநாள் போனது. மகனை 'அவன்' என்றாள், மருமகளை 'அந்தத் தபால்காரி' என்றாள். யெர்கா அகப்பை வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் நடையைக் கூட்டினாள். பெயர் கிடைத்துவிட்டது, கால் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் பெரினா தபால் நிலையத்துக்கு வந்தாள். நான் தபால்தலை வாங்க வரிசையில் நின்றிருந்தேன். அவள் ஒரு உறையை யெர்காவின் முன்னால் தள்ளிவிட்டு, "நல்லா முத்திரை குத்து," என்று சொல்லிப் போய்விட்டாள். பெரினா ஆயுசில் கடிதம் எழுதியவள் இல்லை. அவள் வீட்டுக்கும் யெர்கா வீட்டுக்கும் அறுபது அடி.

உறையில் கோணல்மாணலாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'லொவ்ரே வெஷிபுரா, பொட்கமென்.' உள்ளே இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்த கோஸும் இறைச்சியும் சாப்பிட வரச்சொல்லி ஒரு வரி என்பது பிறகுதான் தெரிந்தது.

யெர்கா முத்திரை குத்தினாள். பையில் போட்டாள். எடுத்தாள், பார்த்தாள், மறுபடி போட்டாள். அன்றைக்குச் சுற்றில் அவளோடு நானும் நடந்தேன். அவள் தன் வீட்டை இரண்டு தடவை தாண்டிப் போனாள். எல்லாக் கடிதத்தையும் கொடுத்து முடித்த பிறகுதான் தன் கதவுக்கு வந்து, சாவி இருந்தும், தட்டினாள்.

லொவ்ரே திறந்தான். விடுமுறை நாள், தாடி மழித்த சோப்பு காதோரம் ஒட்டியிருந்தது.

"உங்களுக்குத் தபால்," என்றாள்.

அவன் உறையை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டான். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"சாதாரணத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டாம்," என்றாள் யெர்கா. பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "இருந்தாலும் போடுங்க. எதுலயாவது போடுங்க. முழுப் பேரா."